நாட்டம் அறியும் வினாத்தாள்

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் மாநகரில், கடல் கடந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த வடகோடிப் பேட்டையில், 1908-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் விநோதமான ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. வேலை வாங்கித் தருவது அதன் நோக்கமன்று; எந்த வேலைக்குப் போவது என்று தெரியாமல் திகைத்து நின்ற வாலிபர்களை உட்காரவைத்து, அவரவர் சுபாவத்தையும் சக்தியையும் அவரவரே தெரிந்துகொள்ளும்படி செய்வதே அதன் காரியம். அதை ஸ்தாபித்த பிராங்க் பார்சன்ஸ், பொறியியல் படித்து ரயில்வேயில் அமர்ந்து, அந்தக் கம்பெனி முறிந்துபோனதால் இரும்பாலையில் கூலி வேலை செய்து, பிறகு பள்ளி ஆசிரியராகி, வக்கீலாகி, சட்டக் கல்லூரிப் பேராசிரியராகவும் இருந்தவர். தொழில் விட்டுத் தொழில் மாறி அலைவதன் சிரமத்தை அவர் ஏட்டில் படித்து அறியவில்லை, பட்டே அறிந்தார்.

தம்மிடம் வந்த 19 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி அவர் எழுதிவைத்திருக்கிறார். டாக்டராக வேண்டும் என்பது அவன் ஆசை. ஆனால் சோர்ந்த உடலும், சிரிப்பை அறியாத முகமும், நனைந்த குச்சியைப் பிடித்தாற்போல் உயிரற்ற கைகுலுக்கலுமாக அவன் எதிரே நின்றான். உடம்பு திடமா, ஞாபகசக்தி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, வைத்தியத் தொழிலுக்கு வேண்டியவை தன்னிடம் எவ்வளவு குறைவு என்பது அவனுக்கே புலப்படலாயிற்று. பார்சன்ஸ் அவனை முகத்தில் அடித்தாற்போல் ஒரு தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிடவில்லை. பண்ணை போன்ற இடங்களுக்கு நேரில் போய், அங்கே நடக்கும் வேலையைப் பார்த்து வரும்படி சொல்லியனுப்பினார்.

தொழிலைத் தேர்ந்துகொள்வதற்கு அவர் வகுத்த வழி மூன்று படிகள் கொண்டது. தன்னை அறிதல் முதற்படி. தொழில்களின் தன்மையை, அவற்றில் உள்ள வாய்ப்பு, ஊதியம், இடையூறு ஆகியவற்றோடு அறிதல் இரண்டாம் படி. இவ்விரண்டும் எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்று நிதானமாக யோசித்து முடிவு செய்தல் மூன்றாம் படி. தன்னை அறிவதற்காக அவர் தயாரித்த வினாக்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. கண்ணாடி முன் நின்று உன்னைக் கவனித்துப் பார், உன் நடையையும் குரலையும் பற்றி நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அந்தரங்கமாகக் கேட்டுத் தெரிந்துகொள் என்றெல்லாம் அவர் யோசனை சொன்னார். வந்தவனின் தலை அமைப்பைக் காதுக்கு மேலும் பின்னும் உற்றுப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் அக்காலத்து மூடநம்பிக்கையும் அவரிடம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அலுவலகம் திறந்த அதே ஆண்டு செப்டம்பரில் அவர் காலமானார். அவருடைய நூல் 1909-இல்தான் வெளிவந்தது.

பார்சன்ஸ் கண்ணால் பார்த்தும் பேசியும் ஊகித்ததை, கணக்கால் நிச்சயிக்க முடியுமா என்று அவருக்குப் பின்வந்த மனோதத்துவ நிபுணர்கள் யோசித்தார்கள். ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்வர்ட் ஸ்ட்ராங் 1927-இல் வெளியிட்ட வினாத்தாள் அவ்வாறு பிறந்தது. அதில் 420 விஷயங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு, பிடிக்குமா, பிடிக்காதா, இரண்டுமில்லையா என்று குறித்தால் போதும். சாமர்த்தியம் எல்லாம் அதை மதிப்பிடும் முறையில் இருந்தது. வக்கீல்கள் பலரிடமும் எஞ்சினியர்கள் பலரிடமும் இதே கேள்விகளைக் கேட்டு, பொதுமக்களிடமிருந்து அவர்களுடைய விருப்பு வெறுப்புகள் எவ்வெவற்றில் மாறுபடுகின்றன என்று அவர் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருந்தார். ஆகவே, மாணவனின் விடைகள் எந்தத் தொழில் செய்வோரின் விடைகளோடு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பதே சோதனையாயிற்று. நீ நல்ல வக்கீலாவாய் என்று அது சொல்லவில்லை. வக்கீல்களுக்குப் பிடித்தவை உனக்கும் பிடிக்கின்றன என்று மட்டுமே சொல்லிற்று.

இந்த வினாத்தாளுக்கு ஒரு குறையும் இருந்தது. ஆண்களுக்கு நீலத்தாள், பெண்களுக்கு ரோஜா நிறத்தாள் என்று இரண்டாகப் பிரித்து அச்சிட்டிருந்தார்கள். பெண்களுக்கான தாளில் 'இல்லத்தரசி' என்பதும் ஒரு தொழிலாக வைத்து மதிப்பிடப்பட்டது. சமூகம் பெண்ணுக்கு எந்த வாசல்களைத் திறந்து வைத்திருந்ததோ, அவற்றையே சோதனையும் அவளுக்குக் காட்டிற்று. இரண்டு தாள்களும் ஒன்றாக்கப்பட்டது 1974-இல்தான்.

இன்று மாணவர்கள் கையில் அகப்படும் வினாத்தாள்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலபுருஷர் ஜான் ஹாலண்ட். இரண்டாம் உலக யுத்தத்தின்போது ராணுவத்தில் சேர வந்தவர்களைப் பேட்டி கண்டு வகைப்படுத்தும் வேலையில் இருந்த அவர், மனிதர்கள் செய்துவந்த தொழில்கள் ஆயிரமானாலும் அவை ஒரு சில அச்சுகளில் அடங்கிவிடுவதைக் கவனித்தார். அந்தக் கருத்தை 1959-இல் கொள்கையாக வெளியிட்டார். கருவியும் பொருளுமாகக் கையால் வேலை செய்யும் நாட்டம், ஆராயும் நாட்டம், கலை நாட்டம், பிறருக்குக் கற்பித்தும் உதவியும் மகிழும் நாட்டம், பேசி இணங்கச் செய்து காரியம் நடத்தும் நாட்டம், கணக்கும் கோப்பும் ஒழுங்காக வைத்துக்கொள்ளும் நாட்டம் என ஆறு. இவற்றை அறுகோணத்தின் ஆறு மூலைகளில் அவர் நிறுத்தினார். அடுத்தடுத்த மூலைகள் உறவு கொண்டவை. எதிரெதிர் மூலைகள் தூரமானவை. கலை நாட்டத்துக்கு நேர் எதிரே நிற்பது கோப்பொழுங்கு.

அமெரிக்கத் தொழிலாளர் இலாகா இந்த ஆறு வகைகளை வைத்து இலவசமாக அளிக்கும் வினாத்தாள் ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்போம். மொத்தம் 60 வினாக்கள், வகைக்குப் பத்து. சமையலறை அலமாரி செய்வது பிடிக்குமா? செங்கல்லோ ஓடோ பதிப்பது? புது மருந்து கண்டுபிடிப்பது? நாடகம் எழுதுவது? ஒருவருக்கு உடற்பயிற்சி கற்றுக்கொடுப்பது? கடை நிர்வாகம்? ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்தால், முடிவில் ஒவ்வொரு நாட்டத்துக்கும் 40-க்கு இத்தனை என்று ஆறு எண்கள் கிடைக்கும். அதற்கேற்ற தொழில்களின் பட்டியலும், எவ்வளவு ஆயத்தம் வேண்டுமென்பதன்படி ஐந்து படிகளாகப் பிரிக்கப்பட்டு வரும். கேள்விகளில் சம்பளமோ, படிப்போ, ஊரார் மதிப்போ இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பது உனக்குப் பிடிக்குமா என்று மட்டும் அது கேட்கிறது. எத்தனையோ பிள்ளைகள் அந்தக் கேள்வியை முதன்முதலாகச் சந்திப்பது அங்கேதான். டாக்டர், எஞ்சினியர், வக்கீல், ஆடிட்டர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்களைத் தவிர வேறு தொழிலே அறியாத பிள்ளைக்கு, அந்தப் பட்டியலில் கேள்விப்படாத இருபது பெயர்களைக் காண்பதும் சிறிய லாபமன்று.

எனினும், விருப்பம் வேறு, திறமை வேறு என்பதைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். "டெஸ்ட்டில் அவனுக்கு அக்கவுண்ட்ஸ் என்றுதான் வந்திருக்கிறது" என்று ஜாதக பலன் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். நாட்டத்தை அளக்கும் தாள் கணக்குப் போடும் திறமையை அளப்பதில்லை. சுபாவத்தை அளப்பதாகச் சொல்லும் தாள்களிடம் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். மனிதரை 16 வகையாகப் பிரிக்கும் மையர்ஸ் பிரிக்ஸ் முறை மிகப் பிரசித்தமானது. மனோதத்துவ அறிஞர் யுங்கின் நூலைப் படித்துத் தூண்டப்பட்ட ஒரு தாயும் மகளும் உருவாக்கியது அது. சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதினால் வேறு வகைக்குள் போய் விழுவோர் பலர் என்பது அதன்மேல் உள்ள பழைய குற்றச்சாட்டு. வேலைக்கு ஆள் எடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாதென்று அதை வெளியிடுவோரே சொல்கிறார்கள்.

நம் மனமும் இவ்விஷயத்தில் எளிதில் ஏமாறும். பெர்ட்ராம் போரர் என்ற ஆசிரியர் 1948-இல் தம் மாணவர்கள் 39 பேருக்குச் சுபாவ சோதனை ஒன்று வைத்து, தனித்தனி முடிவென்று சொல்லி ஆளுக்கொரு குறிப்பைக் கொடுத்தார். எவ்வளவு பொருத்தம் என்று கேட்டதற்கு அவர்கள் அளித்த மார்க்கின் சராசரி 5-க்கு 4.26. உண்மையில் எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே குறிப்பு. கடைத்தெருவில் விற்ற ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து அவர் தொகுத்தது. ஆகவே, 'அப்படியே என்னைச் சொல்லிவிட்டது' என்று தோன்றுவது ஒரு சோதனை சரியானது என்பதற்குச் சான்றாகாது.

பார்சன்ஸின் மூன்று படிகளில் முதற்படியை நாம் இயந்திரத்தில் ஏற்றி அரை மணி வேலையாக்கிக்கொண்டோம்; அச்சிட முடியாத மற்ற இரண்டையும் கைவிட்டுவிட்டோம். அவையும் வேண்டும் என்று நம் நாட்டில் முன்பே உணர்ந்து சொன்னவர்கள் உண்டு. சென்னை சர்வகலாசாலைத் துணைவேந்தர் ஏ. லக்ஷ்மணசாமி முதலியார் தலைமையில் 1952-இல் நியமிக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் கமிஷன், பயிற்சி பெற்ற வழிகாட்டி அதிகாரிகள் பள்ளிகளுக்கு வேண்டும் என்றதோடு நில்லாமல், பல தொழில்களில் நடக்கும் வேலைகளைப் படம் பிடித்து மாணவருக்குக் காட்ட வேண்டும், அவர்களைத் தொழிற்சாலைகளுக்கே நேரில் அழைத்துப் போக வேண்டும் என்றும் சிபாரிசு செய்தது. கைகுலுக்கத் தெரியாத அந்தப் பையனைப் பார்சன்ஸ் பண்ணைக்கு அனுப்பியதும் இதே கருத்தால்தான்.

ஆகையால், உங்கள் பிள்ளை வினாத்தாள் எழுதி ஆறு எண்களோடு வீட்டுக்கு வந்தால், அதைப் பார்த்து மகிழவும் வேண்டாம், மனம் இடியவும் வேண்டாம். பட்டியலில் வந்த தொழில்களில் ஒன்றைச் செய்பவர் உங்கள் தெருவிலோ உறவிலோ இருப்பார். ஒரு நாள் காலையிலிருந்து மாலை வரை அவருடன் பிள்ளையை இருந்து பார்த்துவரச் சொல்லுங்கள். மாலையில் அவன் வந்து சொல்லும் வார்த்தைக்கு அந்த ஆறு எண்களைவிட அதிக மதிப்புக் கொடுங்கள்.