உப்பை விடாத சிறுநீரகம்

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவராக இருந்த கிரான்ட் லிடில், 1963-இல் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். அந்த வீட்டின் 16 வயதுப் பெண்ணுக்குக் கடுமையான ரத்தக் கொதிப்பு. ரத்தத்தில் பொட்டாசியமோ மிகவும் குறைவு. உடன்பிறந்தவர்களுக்கும் அதே கோளாறு. வழக்கமாக அல்டோஸ்டீரோன் அளவுக்கு மீறிச் சுரந்தால்தான் இப்படி ஆகும். உப்பைத் தக்கவைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹார்மோன் அது. ஆனால் சோதித்துப் பார்த்தபோது அந்தப் பெண்ணுக்கு அது மிகக் குறைவாகவே சுரந்தது. ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் பலன் தரவில்லை. சிறுநீரகத்தில் நேரடியாக வேலை செய்யும் ட்ரையாம்டெரின் கொடுத்ததும் அழுத்தம் இறங்கியது. யாரும் சொல்லாமலேயே அந்தச் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது.

நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ

நம் இரு சிறுநீரகங்களும் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் கரைந்திருக்கும் உப்பு சுமார் ஒன்றரைக் கிலோ. நூற்றில் 99 பங்குக்கு மேல் நுண்குழாய்கள் வழியாக மீண்டும் ரத்தத்துக்கே போய்விடுகிறது. எஞ்சுவதுதான் சிறுநீரில் வெளியேறும். இதில் அரை சதவீதம் பிசகினாலும் ஏழு கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு 5 கிராமுக்குள் சாப்பிடச் சொல்கிறது என்பதோடு சேர்த்துப் பார்த்தால் அந்த அரை சதவீதத்தின் கனம் தெரியும்.

உப்பு தங்கினால் நீரும் தங்கும். ரத்தத்தின் அளவு கூடும். அதிகப்படியான உப்பை வெளியே தள்ளச் சிறுநீரகத்துக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். அந்த உயர்ந்த அழுத்தமே நாளடைவில் நிலைத்துவிடுகிறது.

வால் அறுந்த புரதம்

நுண்குழாயின் கடைசிப் பகுதியில், சோடியத்தை உள்ளே இழுக்கும் புரத வழிகள் உண்டு. மொத்தச் சோடியத்தில் சில சதவீதம்தான் இவற்றின் பங்கு. ஆனாலும் இறுதிக் கணக்கைத் தீர்மானிப்பவை இவைதான். வேலை முடிந்த வழிகளைச் செல்லின் மேற்பரப்பிலிருந்து அப்புறப்படுத்த நெட்-4 வகைப் புரதம் ஒன்று இருக்கிறது. அது பற்றிக்கொள்வது வழியின் வால்நுனியை. லிடிலின் குடும்பத்தில் அந்த வால்நுனியே இல்லாதபடி மரபணு மாறியிருந்ததை ரிச்சர்ட் லிஃப்டனின் குழு 1994-இல் கண்டறிந்தது. அகற்றப்படாத வழிகள் பெருகின. சோடியம் ஓயாமல் உள்ளே போனது.

அதற்குள் அந்தப் பெண்ணின் சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. 1989-இல் அவருக்கு வேறொருவரின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. ரத்தக் கொதிப்பு நீங்கியது, பொட்டாசியம் சீரானது. கோளாறு எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எதிர்த்திசையிலும் மரபணு

கிட்டெல்மன் நோயில் நேர்மாறு: உப்பு கசிந்து போகும், அழுத்தம் தாழும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். ஒரு பிரதி மட்டும் பழுதானவர்கள் நலமாகவே இருப்பார்கள். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வில் இத்தகைய உப்பு மரபணு மாற்றங்களில் ஒன்று சுமார் 64 பேரில் ஒருவருக்கு இருப்பதும், அவர்களுக்கு ரத்தக் கொதிப்பு குறைவாக வருவதும் 2008-இல் வெளியாயின. மருத்துவர் எழுதித்தரும் தயசைடு மாத்திரை அடைப்பதும் கிட்டெல்மன் நோயில் பழுதாகும் அதே புரதத்தைத்தான்.

யார் கேட்க வேண்டும்

பெரும்பாலோரின் ரத்தக் கொதிப்பு ஒற்றை மரபணுவால் வருவதல்ல. நூற்றுக்கணக்கான சிறு மாறுபாடுகள், ஒவ்வொன்றும் அழுத்தத்தை ஒரு மில்லிமீட்டர் பாதரச அளவுகூட மாற்றாதவை, சேர்ந்து வேலை செய்கின்றன. அதனால் எல்லோருக்கும் மரபணுச் சோதனை தேவையில்லை.

ஆனால் முப்பது வயதுக்குள் பிரஷர் வந்தவர்கள், குடும்பத்தில் இளம் வயதிலேயே பக்கவாதம் கண்டவர்கள், மூன்று மாத்திரை எடுத்தும் அடங்காதவர்கள், பொட்டாசியம் காரணமின்றிக் குறைந்தவர்கள் ஆகியோர் ரெனின், அல்டோஸ்டீரோன் ரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு இருந்த லிடில் நோய் என்று தெரிந்தால் அமிலோரைடு அல்லது ட்ரையாம்டெரின் போதும். விலை உயர்ந்த சிகிச்சை அல்ல. ஆனால் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் குறையாவிட்டால் அந்த மருந்தும் முழுதாகப் பலிக்காது.

கடைகளில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரக நோயாளிகளும், அமிலோரைடு, ட்ரையாம்டெரின், ஸ்பைரனோலாக்டோன் மாத்திரைகளையோ எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற ரத்தக் கொதிப்பு மருந்துகளையோ எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாற வேண்டாம். ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும்.