காற்றே தூரிகை, சட்டையே சித்திரச் சீலை

கலை சோறு போடுமா என்னும் வினா, வரையத் தெரிந்த பிள்ளையைப் பெற்ற வீடுகளில் எல்லாம் எழுவதுண்டு. அவ்வினாவிற்குச் சற்றும் எதிர்பாராத இடத்திலிருந்து விடை தந்தோர் உளர். அமெரிக்க நாட்டின் கடற்கரைகளிலும் சந்தைத் திடல்களிலும் நின்று, கேட்பவர் கேட்டவாறே டி-சட்டைகளில் ஓவியம் தீட்டிக் கொடுக்கும் காற்றுத்தூரிகைக் கலைஞர்களே அவர்கள். அவர்தம் தொழிலின் நெளிவு சுளிவுகளை அறிவது, கைத்திறனை நம்பி வாழ விழையும் எவருக்கும் பயன் தருவதாகும்.

கருவியும் கலைஞரும்

ஏர்பிரஷ் எனப்படும் காற்றுத்தூரிகையில் மயிர் இல்லை. எழுதுகோல் போன்ற உலோகக் குழலே உண்டு. அழுத்தப்பட்ட காற்று அதன் நுனிவழியே பாயும்போது சாயத்தை ஈர்த்து நுண்துளிகளாகச் சிதறச் செய்கிறது. விசையைக் கீழே அழுத்தினால் காற்று வரும். பின்னே இழுத்தால் சாயம் வரும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் உருப்பெற்ற இக்கருவி, நெடுங்காலம் புகைப்படங்களைத் திருத்தவும் விளம்பரச் சித்திரங்கள் தீட்டவுமே பயன்பட்டது.

அதனைச் சட்டைக்குக் கொண்டுவந்து புகழ் ஈட்டியோருள் கலிபோர்னியாவின் எட் ரோத் (1932–2001) குறிப்பிடத்தக்கவர். 1950களின் பிற்பகுதியில் கார்க் கண்காட்சிகளுக்குச் சென்று, விகார உருவங்கள் கார் ஓட்டும் காட்சிகளைச் சட்டைகளில் தீட்டி விற்றார். அவர் படைத்த 'ராட் ஃபிங்க்' என்னும் எலி, பின்னாளில் அச்சிட்ட சட்டைகளிலும் உலா வந்தது. ரெவெல் நிறுவனம் அவருடைய கார்களின் சிறு மாதிரிகளைப் பெட்டியில் அடைத்து விற்றபோது, பெட்டி ஒன்றுக்கு ஒரு சென்ட் உரிமைத்தொகை அவருக்குக் கிடைத்தது. தீட்டிய சட்டைக்கு ஒருமுறைதான் கூலி. தாமே படைத்த உருவமோ மீண்டும் மீண்டும் பொருள் ஈட்டித் தரும்.

1986ஆம் ஆண்டில் நியூயார்க்கின் குவீன்ஸ் வட்டாரத்தில், ஜமேக்கா கொலீசியம் அங்காடியில் 'ஷர்ட் கிங்ஸ்' குழுவினர் கடை விரித்தனர். எட்வின் 'ஃபேட்' சகாசாவும் அவர்தம் நண்பர்களும் சுவரோவியத்தின் துடிப்பைச் சட்டைக்கு மாற்றினர். எல்.எல். கூல் ஜே முதலான ஹிப்-ஹாப் பாடகர்கள் அவற்றை அணிய, இளைஞர் கூட்டமும் நாடி வந்தது. ரோத்துக்குக் கார்ப் பிரியர். இவர்களுக்கு இசைப் பிரியர். தம்மிடம் வரப்போவோர் யார் என்பதை இருசாராருமே தெளிவாக அறிந்திருந்தனர் என்பதே கருதத்தக்கது.

பழகும் முறை

இத்தொழிலின் அரிச்சுவடி நான்கே: புள்ளி, கோடு, தடித்துத் தொடங்கிக் கூராய் முடியும் கத்திக்கோடு, மெல்ல மங்கி மறையும் நிழல். குழலைத் துணிக்கு அருகே கொணர்ந்தால் கோடு மெலியும், விலக்கினால் பரவும். இவற்றைக் காகிதத்திலும் பழந்துணியிலும் கை தானே இயங்கும் வரை பழகிய பின்னரே விற்பனைச் சட்டையைத் தொடுதல் வேண்டும்.

பருத்திச் சட்டையே சிறந்தது. அதனுள் அட்டை செருகிச் சுருக்கமின்றி இழுத்துப் பொருத்த வேண்டும். கருநிறச் சட்டையாயின் முதலில் வெண்சாயம் தீட்டாவிடில் மற்ற வண்ணங்கள் எடுபடா. துணிக்கென்றே உள்ள சாயத்தைத் தீட்டி உலர்ந்தபின், வெப்ப அழுத்தியாலோ இஸ்திரிப் பெட்டியாலோ முறைப்படி சூடேற்றினால்தான் அது நூலில் நிலைக்கும். இதனைச் சோம்பலால் கைவிட்டவரின் சித்திரம் சலவையில் வெளிறும். அவர்தம் நற்பெயரும் அதனோடு வெளிறும்.

கணக்கும் வேண்டும்

சந்தையில் நிற்பவருக்கு அழகோடு விரைவும் தேவை. அங்கே பெரிதும் விலைபோவது பெயரெழுத்தும், இருவர் பெயரைத் தாங்கிய இதயமும், அந்திக் கடற்கரையும்தான். ஆதலின் எழுத்துக் கலையில் தேர்ச்சி பெறாதவர் இதில் நிலைத்தல் அரிது.

ஒரு பெயர்ச் சட்டைக்கு 10 நிமிடம் எனக் கொள்வோம். மணிக்கு 6 சட்டைகள் ஆகும். முகச் சித்திரம் ஒன்றுக்கு 3 மணி நேரம் பிடிக்குமானால், அந்நேரத்தில் 18 பெயர்ச் சட்டைகள் முடிந்திருக்கும். அந்த 18இன் கூலியை ஒரு முகச் சித்திரம் தாராதெனில், கூட்டம் காத்திருக்கும் நாளில் அதனை ஏற்பது நட்டமே. முகச் சித்திரங்களை ஓய்ந்த நாட்களுக்கு ஒதுக்கிக்கொள்வது அறிவுடைமை. சட்டை விலை, சாயம், இட வாடகை, மழையால் வீணாகும் நாள் யாவும் விலையில் அடங்க வேண்டும். எழுத வேண்டிய பெயரை வாங்குபவர் கையாலேயே தாளில் எழுதி வாங்குவதும், பணத்தை முன்னரே பெறுவதும் பின்னர் எழும் பிணக்குகளைத் தவிர்க்கும்.

காக்க வேண்டியவை

சாயப் பனி கண்ணுக்குத் தெரியாமலே நுரையீரலைச் சேரும். நீரில் கரையும் சாயந்தானே என்று அசட்டை செய்யாது, உரிய சுவாசக் கவசம் அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்திலேயே பணிபுரிதல் வேண்டும். புகழ்பெற்ற கேலிச்சித்திர உருவங்களை உரிமையாளரின் இசைவின்றித் தீட்டி விற்பது சட்டச் சிக்கலில் முடியும். எவர் உருவத்தையும் இரவல் வாங்காது தம் கற்பனையால் வரைபவருக்கே அச்சமில்லா வாழ்வு உண்டு.

இன்றோ, ஒரே ஒரு சட்டையாயினும் கணினிப் படத்தை நேரே துணியில் பதிக்கும் அச்சுப்பொறிகள் வந்துவிட்டன. நுணுக்கத்தில் அவற்றோடு போட்டியிடுவது வீண். ஆயினும், தம் பெயர் தம் கண்ணெதிரே வெறுங்காற்றிலிருந்து எழுத்தாய் மலர்வதைக் காணும் சிறுவனின் வியப்பை எந்தப் பொறியும் தருவதில்லை. அவ்வியப்பைக் காண நிற்கும் கூட்டமே இக்கலைஞரின் விளம்பரப் பலகை. ஆகவே மறைவில் அமர்ந்து வரையாமல், நால்வர் காண வரைதலே இத்தொழிலின் உயிர்நாடி.

வரையும் பிள்ளையைப் பெற்றோர், தாளும் வண்ணமும் வாங்கித் தருவதோடு நில்லாது, கூலி கணக்கிடவும், சொன்ன நேரத்தில் கொடுக்கவும், உடல்நலம் பேணவும் கற்பிப்பாராக. கையில் உள்ள கலை அப்போது நிச்சயம் சோறு போடும்.