பழைய டெஸ்க்டாப்ல ஃபயர்வால்: ஐபிவி6-ஐ மறந்துடாதீங்க

வீட்டு மூலையில தூசி படிஞ்சு கிடக்கிற டெஸ்க்டாப்பை ஃபயர்வாலா மாத்த ரெண்டு நெட்வொர்க் போர்ட் வேணும். ஒண்ணு பிராட்பேண்ட் பெட்டிக்கு, இன்னொண்ணு வீட்டு வைஃபைக்கு. பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாத்தி, லினக்ஸ் போட்டு, ஃபார்வர்டிங்கையும் நேட்டையும் ஆன் பண்ணா இன்டர்நெட் வந்துடும்.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கக் கூடாது. என்எஃப்டேபிள்ஸ்ல 'ஐபி'ன்னு ஒரு டேபிள் போட்டு விதிகளை எழுதி வச்சிருந்தேன். அது ஐபிவி4-ஐ மட்டும்தான் பார்க்கும். ஐபிவி6-ல ஒவ்வொரு சாதனத்துக்கும் தனியா ஒரு பொது முகவரி இருக்கு. பொதுவா நேட் கிடையாது. ஒருநாள் சும்மா மொபைல் டேட்டாவுல இருந்து முயற்சி பண்ணேன். எங்க வீட்டு கேமராவோட லாகின் பக்கம் அப்படியே திறந்துச்சு!

டேபிளை 'ஐநெட்'ன்னு போடுங்க, ரெண்டையும் சேர்த்துப் பார்க்கும். இன்புட், ஃபார்வர்ட் ரெண்டுக்கும் பாலிசி 'டிராப்'. அப்புறம் உள்ளேயிருந்து வெளியே போறதையும், அதுக்குத் திரும்பி வர்ற பதிலையும் மட்டும் அனுமதிங்க. கவனம், ஐசிஎம்பிவி6-ஐ மொத்தமா அடைச்சா ஐபிவி6-ஏ வேலை செய்யாது. விதிகளை மாத்தும்போது மானிட்டரும் கீபோர்டும் மாட்டியே இருக்கட்டும். எஸ்எஸ்ஹெச்ல செஞ்சா நம்மளையே வெளியே பூட்டிக்குவோம். வைஃபை ரூட்டரை வெறும் ஆக்சஸ் பாயின்ட்டா வச்சுக்கோங்க.

கரன்ட் பில்? 60 வாட் இழுக்கிற மெஷின் 24 மணி நேரமும் ஓடினா மாசம் சுமார் 43 யூனிட். பழைய லேப்டாப் இருந்தா, யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் மாட்டி அதையே எடுத்துக்கோங்க. பேட்டரி நல்லா இருந்தா, கரன்ட் போனாலும் அது நிக்காது.