ஒப்பந்தப்புள்ளியும் வெல்லச் சிப்பமும்

செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியில் கணக்கு சிப்பத்தில். ஒரு சிப்பம் 30 கிலோ. ஓமலூர்ப் பக்கத்து ஆலைகளில் காய்ச்சியது ஏலத்துக்கு வரும், விலை அன்றன்றைக்கு. அரசின் அளவு வேறு. 2022 பொங்கல் தொகுப்பின் 21 பொருள்களில் வெல்லம் அரைக்கிலோ. சுமார் 2.15 கோடி அட்டைகளுக்கு, என் கணக்கில், மூன்றரை லட்சம் சிப்பத்துக்கும் மேல்.

இவ்வளவையும் மொத்தமாக வாங்குவதென்றால் முன்வைப்புத் தொகை, ஆண்டு விற்றுமுதல், ஊரூராகக் கொண்டுசேர்க்கும் வசதி எல்லாம் நிபந்தனைகளாகிவிடுகின்றன. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கான 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. ஆனா பத்துச் சிப்பம் காய்ச்சுகிற நம்ம ஆலைக்காரர் அதில் எப்படி நுழைவார்? எல்லோருக்கும் ஒரே நிபந்தனை என்கிற சமத்துவமே இங்கு விலக்கலாகச் செயல்படுகிறது. ஊழலே இல்லாவிட்டாலும் இது நடக்கும் என்பதுதான் என் வாதம். ஒப்பந்தம் எடுத்தவர் சொல்லும் விலைக்குப் போடுவதே அவருக்கு மிஞ்சுகிறது.

அந்த ஆண்டு வெல்லம் உருகி ஒழுகியதாகப் புகார்கள் எழுந்தன. 2023 தொகுப்பில் வெல்லம் இல்லை, சர்க்கரை வந்தது. காரணம் எதுவாயினும், ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத ஆலைக்காரருக்குத்தான் ஒரு சந்தை போயிற்று.

வேறு வழியே இல்லையா? அதே 2023 தொகுப்பின் கரும்பை மாவட்டக் குழுக்கள் வழியாக விவசாயிகளிடமே வாங்கினார்கள். போக்குவரத்துச் செலவு உட்பட ஒரு கரும்புக்கு 33 ரூபாய் வரை. இடைத்தரகர் பற்றிய புகார் அதிலும் உண்டு. என்றாலும் வாங்கும் அளவை மாவட்டமாகச் சுருக்க முடியும் என்பது நிரூபணமாயிற்று. மண்டியின் ஏல விலையை வைத்து, சிப்பக் கணக்கில் வெல்லத்தையும் அப்படி வாங்கலாமே. வெளிப்படைத்தன்மையைக் கேட்கும் நாம், யாருடைய அளவில் வாங்குகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.