கடைசி நாளின் நாணயம்



வெளிநாடொன்றில் விடுமுறையைக் கழித்துத் திரும்பியவர்கள் தமது பயணத்தின் முதல் நாளைப் பற்றி ஆர்வத்தோடு பேசுவார்கள். கடைசி நாளைப் பற்றிக் கேட்டால் பலருக்குச் சொல்வதற்கு அதிகம் இருப்பதில்லை. அன்று பயணப்பையின் நிறையைப் பார்க்க வேண்டும். வீட்டாருக்கு வாங்க மறந்தவற்றைத் தேடி ஓட வேண்டும். தங்கிய அறையின் கணக்கைத் தீர்க்க வேண்டும். கடவுச்சீட்டு பத்திரமாக இருக்கிறதா என்று பத்துத் தடவை பார்க்க வேண்டும். உடல் அந்நிய மண்ணில் நிற்க, உள்ளம் முன்னதாகவே விமானம் ஏறிவிடுகிறது. ஆயினும் அந்த ஊருக்கும் நமக்கும் இடையே இருந்த உறவு எத்தகையது என்பது அந்தக் கடைசி நாளிலேயே தெரியவருகிறது.

உரோமை நகரை எடுத்துக்கொள்வோம். லூர்து, பாத்திமா ஆகிய திருத்தலங்களுக்கு நம் நாட்டிலிருந்து செல்லும் யாத்திரிகர்களிற் சிலர் உரோமையிலேயே தமது பயணத்தை நிறைவு செய்கின்றனர். யாத்திரிகராயினும் உல்லாசப் பயணியாயினும், அந்நகரை விட்டுப் புறப்படுமுன் பலர் தேடிச் செல்லும் இடமொன்று உண்டு. அதுவே திரேவி நீரூற்று. நீர்த்தடாகத்துக்கு முதுகைக் காட்டி நின்று, வலது கையால் இடது தோளுக்கு மேலாக ஒரு நாணயத்தைப் பின்னோக்கி எறிவார்கள். எறிந்தவர் என்றாவது ஒருநாள் உரோமைக்குத் திரும்பி வருவார் என்பது அங்குள்ள நம்பிக்கை. 1954 ஆம் ஆண்டில் வெளியான ஹொலிவூட் திரைப்படமொன்று இவ்வழக்கத்தை உலகெங்கும் அறியச் செய்தது.

நாணயம் எறிவதால் ஒருவர் திரும்பி வருவார் என்பதற்கு விசுவாசத்திலும் இடமில்லை, பகுத்தறிவிலும் இடமில்லை. ஆனால் அந்தச் செயலுக்குள் இருக்கும் ஏக்கம் பொய்யானதன்று. அழகான ஓரிடத்தை விட்டுப் பிரியும்போது, இது முடிந்துபோகக் கூடாதே என்று மனித மனம் ஏங்குகிறது. அந்த ஏக்கத்தின் விலையாக ஒரு சிறு நாணயத்தை நீரிலே விட்டுச் செல்கிறது.

தாகத்தில் தொடங்கிய வரலாறு

அந்த நீரின் வரலாறு மிகப் பழமையானது. கி.மு. 19 ஆம் ஆண்டில் அகிரிப்பா என்னும் உரோமைத் தளபதி, நகருக்கு வெளியே இருந்த ஊற்றொன்றிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நீளமான நீர்க்கால்வாயை அமைத்தார். தாகத்தோடு நீர் தேடிய படைவீரர்களுக்கு ஓர் இளங்கன்னி அந்த ஊற்றைக் காட்டிக் கொடுத்தாள் என்பது பழங்கதை. அதனாலேயே அது 'கன்னி நீர்' எனப் பெயர் பெற்றது என்பர். பாப்பரசர் 12 ஆம் கிளமென்ட் காலத்தில், 1732 ஆம் ஆண்டில் நிக்கோலா சால்வி என்னும் கட்டடக் கலைஞர் இன்றைய நீரூற்றின் வேலையைத் தொடங்கினார். அவர் 1751 ஆம் ஆண்டில் காலமானார். 1762 ஆம் ஆண்டில் வேலை நிறைவுற்றபோது அதைக் காண அவர் உயிரோடு இல்லை. கன்னிப்பெண் வீரர்களுக்கு ஊற்றைக் காட்டும் காட்சி நீரூற்றின் மேற்பகுதியில் புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. படமெடுக்கும் அவசரத்தில் அதை நிமிர்ந்து பார்ப்போர் சிலரே.

எறிந்த நாணயம் என்னவாகிறது என்று கேட்போரும் சிலரே. ஊழியர்கள் நீண்ட துடைப்பங்களால் தடாகத்தின் அடியிலுள்ள நாணயங்களைக் கூட்டிச் சேர்க்கின்றனர். அவை கழுவி உலர்த்தப்பட்டு, நாட்டுக்கு நாடு பிரித்து எண்ணப்படுகின்றன. 2001 ஆம் ஆண்டு முதல் அந்தப் பணம் உரோமை மறைமாவட்டத்தின் கரித்தாஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படுகிறது. 2016 ஆம் ஆண்டில் மட்டும் இவ்வாறு சேர்ந்த தொகை ஏறத்தாழ 14 இலட்சம் யூரோ. 2019 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இப்பணத்தை நகரசபை வேறு தேவைகளுக்குப் பயன்படுத்தப் போகிறது என்ற செய்தி வெளியானபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. இறுதியில், அது கரித்தாசுக்கே தொடர்ந்து கிடைக்கும் என நகர முதல்வர் அறிவித்தார்.

கரித்தாஸ் என்ற பெயர் நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் 'கியூடெக்' என்றும் மன்னாரில் 'வாழ்வுதயம்' என்றும் நாம் அறிந்திருப்பது அதே குடும்பத்தின் கிளைகளையே. யுத்தத்தின்போதும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னரும் அவற்றின் உதவியைப் பெற்ற பல குடும்பங்கள் நம்மிடையே வாழ்கின்றன.

இரண்டு ஏக்கங்கள்

உரோமையிலிருந்து புறப்படுவோர் பலர் தெர்மினி புகையிரத நிலையத்துக்கு வந்தே விமான நிலையத்துக்கான புகையிரதத்தில் ஏறுகின்றனர். அதே நிலையத்தின் பக்கத்திலே, மர்சாலா வீதியில், வீடற்றோருக்கான கரித்தாசின் தங்குமிடமும் உணவுச்சாலையும் உள்ளன. உரோமைக் கரித்தாசை நிறுவிய அருட்தந்தை லூயிஜி தி லியேக்ரோவின் முயற்சியால் 1987 ஆம் ஆண்டில் உருவான இல்லம் அது. பாப்பரசர் 16 ஆம் ஆசீர்வாதப்பர் 2010 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அங்கு சென்று அங்குள்ளோரைச் சந்தித்தார். இரக்கத்தின் யூபிலி ஆண்டு தொடங்கியபோது, 2015 டிசம்பர் 18 ஆம் திகதி, பாப்பரசர் பிரான்சிஸ் அங்கே புனிதக் கதவொன்றைத் திறந்து வைத்தார். பேராலயங்களுக்கு உரிய சிறப்பு அன்று ஏழைகள் உறங்கும் ஒரு வீட்டின் வாசலுக்குக் கிடைத்தது.

பயணப்பையை இழுத்துக்கொண்டு விரைகின்ற உல்லாசப் பயணி அந்த வாசலைக் கவனிப்பதில்லை. ஆனால் அவரைப் போன்றோர் எறிந்த நாணயங்கள் அங்கே உணவாகின்றன. "இந்த நகருக்கு நான் மீண்டும் வரவேண்டும்" என்று ஏங்கியவரின் காசு, "என் வீட்டுக்கு நான் என்று திரும்புவேன்" என்று ஏங்குபவரின் கையில் ஒரு கோப்பைச் சூப்பாக, ஒரு துண்டு பாணாக வந்து சேர்கிறது.

இரண்டாவது ஏக்கத்தை நாம் நன்கு அறிவோம். இத்தாலியில் ஓர் இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வாழ்கின்றனர். வீட்டு வேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் ஈடுபட்டோர் அவர்களுள் அநேகர். உலகின் பல நகரங்களில் அகதிகளாய் வாழ்ந்த நம்மவர்களுள், வதிவிட அனுமதி கிடைக்காத காரணத்தால் பெற்ற தாயின் மரணச் சடங்குக்குக்கூட வர இயலாமல், தொலைபேசியில் ஒப்பாரியைக் கேட்டு அழுதவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு அந்நிய நாட்டின் கடைசி நாள் என்பது துயரமன்று. அது ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த வரம்.

பவுலின் கடைசி இரவு

திருத்தூதர் பணிகள் நூலின் 20 ஆம் அதிகாரத்தில் ஒரு கடைசி நாள் விவரிக்கப்பட்டுள்ளது. புனித பவுல் துரோவா நகரில் ஏழு நாட்கள் தங்கினார். மறுநாள் பயணம். அவரோ நள்ளிரவு வரை மக்களோடு பேசிக்கொண்டிருந்தார். சன்னலில் அமர்ந்திருந்த யூத்திகு என்னும் இளைஞன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்தான். பவுல் பேச்சை நிறுத்திவிட்டு இறங்கிச் சென்று அவனை அணைத்துக்கொண்டார். பின்னர் மேலே வந்து அப்பம் பிட்டு, விடியும்வரை உரையாடியே புறப்பட்டார். அதே அதிகாரத்தில், மிலேத்துவில் எபேசு நகர மூப்பர்களிடம், இனி அவர்கள் தம் முகத்தைக் காணப்போவதில்லை என்பதை அவர் மறைக்காமல் கூறுகிறார். திரும்பி வருவேன் என்று ஆறுதலுக்காக அவர் வாக்குக் கொடுக்கவில்லை. திரும்ப முடியாது என்று அறிந்ததால், சொல்ல வேண்டியதை அன்றே சொன்னார். அவர்களோடு முழந்தாளிட்டு மன்றாடினார்.

நம் வீடுகளிலும் இக்காட்சி நடைபெறுகிறது. மடுமாதாவின் ஆவணித் திருவிழாவையொட்டியும் பாடசாலை விடுமுறையிலும் புலம்பெயர்ந்த நம் உறவுகள் வருகின்றனர். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இதுவே வெளிநாடு. கடைசி நாளில் சிலர் கடைத்தெருவிலேயே பொழுதைப் போக்கிவிடுகின்றனர். அம்மம்மா காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அடுத்த வருடமும் வருவோம், அம்மம்மா" என்று பேரப்பிள்ளைகள் கூறுவார்கள். அந்த அடுத்த வருடம் தமக்கு உண்டோ என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த கேள்வி. அவருக்கு வேண்டியது வாங்கி வந்த பொருளன்று. அருகில் அமர்ந்திருக்கும் ஒரு மணி நேரம்.

ஆகவே, வெளிநாடு செல்லும் அன்பர்களே, உங்கள் கடைசி நாளில் சிறிதளவு நேரத்தை ஒதுக்கி வையுங்கள். நீங்கள் தங்கிய அறையைத் தினமும் சுத்தம் செய்தவர் பெரும்பாலும் உங்களைப் போலவே வேறொரு நாட்டிலிருந்து வந்தவராக இருப்பார். அவரைக் கண்டு நன்றி கூறுங்கள். மீதியான சில்லறையை வீட்டு அலுமாரிக்குக் கொண்டுவர வேண்டாம். நம் நாட்டின் நாணயமாற்று நிலையங்கள் பொதுவாகத் தாள்களையே ஏற்கின்றன. யுனிசெவ் நிறுவனம் 1987 ஆம் ஆண்டு முதல் விமான நிறுவனங்கள் சிலவற்றோடு இணைந்து, பயணிகளிடம் எஞ்சும் வெளிநாட்டு நாணயங்களைச் சிறுவர்களுக்காகச் சேகரித்து வருகிறது. அவ்வாறான உறையோ, ஆலய வாசலில் ஏழைகளுக்கான பெட்டியோ கண்ணிற்பட்டால் அதில் இடுங்கள். நீரூற்றில் எறிய விரும்பினால் எறியுங்கள். ஆனால் எறியும்போது, அந்தக் காசில் உணவு உண்ணப்போகும் முகமறியாத மனிதருக்காகவும் ஒரு சிறு செபம் சொல்லுங்கள். அவர் தம் வீட்டுக்குத் திரும்பட்டும் என்று வேண்டுங்கள்.

விடுமுறைக்கு இங்கு வந்திருக்கும் அன்பர்களே, உங்கள் விமானம் நாளையாயின், இன்று மாலை கடைக்குப் போகாமல் அம்மம்மாவின் அருகில் அமருங்கள்.