எலிக்குக் குறைஞ்ச கொலஸ்ட்ரால் உங்களுக்கும் குறையுமா? சப்ளிமென்ட் வாங்கும் முன் இதைப் படிங்க!

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு இது பழக்கமான விஷயம். கம்பெனியில் ஹெல்த் செக்-அப் நடக்கும். ரிப்போர்ட்டில் எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், அளவைத் தாண்டியிருக்கும். மாத்திரை சாப்பிட மனசு வராது. 'இயற்கையா ஏதாவது இருக்கா?' என்று போனில் தேடினால் பூண்டு கேப்ஸ்யூல், மஞ்சள் கேப்ஸ்யூல், மீன் எண்ணெய், குக்குலு மாத்திரை என வரிசைகட்டி வரும். கூடவே, 'ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது' என்ற வாசகமும் வரும்.

சரி, யாருக்கு நிரூபிச்சாங்க? பல நேரங்களில் எலிக்கு, இல்லைன்னா முயலுக்கு. அந்த ஆய்வு பொய்யில்லை. ஆனா அதே பலன் உங்களுக்கும் கிடைக்குமா என்பது தனிக் கேள்வி. இதைப் புரிஞ்சுக்க நம்ம நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கு: குக்குலு.

முயலில் தொடங்கிய கதை

ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் வளரும் ஒரு முள்செடியின் பிசின்தான் குக்குலு. உடல் கொழுப்பு தொடர்பான நோய்களுக்கு இதைப் பயன்படுத்தலாம் என சுஸ்ருத சம்ஹிதை சொல்கிறது. இதை நவீன முறையில் சோதிச்சுப் பார்த்தவர் ஜி.வி.சத்யவதி. பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராக இருந்தவர். 1966-ல் வாரணாசி பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் அவர் சமர்ப்பித்த ஆய்வில், கொலஸ்ட்ரால் கலந்த தீனி போட்ட முயல்களுக்குக் குக்குலு கொடுத்தபோது ரத்தக் கொழுப்பு குறைஞ்சது.

லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதை முன்னெடுத்தது. 1980-களின் பிற்பகுதியில் 'குகுலிபிட்' என்ற பெயரில் மருந்தாகவே சந்தைக்கு வந்தது. இந்தியாவில் நோயாளிகளிடம் நடந்த சில ஆய்வுகளும் பலன் இருப்பதாகவே சொல்லின.

2002-ல் அமெரிக்காவின் பேய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், இது எப்படி வேலை செய்கிறது என்றும் எலிகளில் காட்டினாங்க. கல்லீரலில் பித்த அமிலத்தை உணரும் எஃப்.எக்ஸ்.ஆர். என்ற புரதத்தை, குக்குலுவில் இருக்கும் வேதிப்பொருள் தடுக்கிறது. அந்தப் புரதம் இருந்த எலிகளுக்குக் கல்லீரல் கொலஸ்ட்ரால் குறைஞ்சது; அது இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குக் குறையலை. பிரபல 'சயின்ஸ்' இதழில் வந்தது இந்த ஆய்வு.

மனிதர்களிடம் என்ன ஆச்சு?

அடுத்த வருஷமே ட்விஸ்ட். 2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள், கொலஸ்ட்ரால் அதிகமுள்ள 103 பேரிடம் 8 வாரம் சோதனை நடத்தினாங்க. சிலருக்குக் குக்குலு, சிலருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். 5% குறைஞ்சது. குக்குலு சாப்பிட்டவர்களுக்கோ 4 முதல் 5% வரை கூடிடுச்சு! அவர்களில் 6 பேருக்குத் தோலில் தடிப்பும் வந்தது.

இந்த ஒரு சோதனையோட விவகாரம் முடிஞ்சிடலை. இந்தியர்களின் சாப்பாடும் அமெரிக்கர்களின் சாப்பாடும் வேற என்ற வாதமும் இருக்கு. ஆனா முயலிலும் எலியிலும் தெளிவா இருந்த பலன், மனிதர்களிடம் வந்ததும் மங்கிப்போனது உண்மை.

ஏன் இந்த வித்தியாசம்?

முதல் காரணம், விலங்கு. முயல் சைவம். அதுக்குக் கொலஸ்ட்ராலைத் திணிச்சா ரத்தத்தில் மளமளன்னு ஏறும். 1913-லேயே ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் அனிச்கோவ், சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலை முயல்களுக்குக் கொடுத்து, ரத்தக்குழாயில் கொழுப்பு படிய வைத்தார். எலிக்கு அவ்வளவு சுலபத்தில் ஏறாது. எலியின் ரத்தத்தில் பெரும்பங்கு ஹெச்.டி.எல்., அதாவது நல்ல கொலஸ்ட்ரால். நமக்கு எல்.டி.எல்.தான் அதிகம்.

ரெண்டாவது, சோதனை முறை. விலங்குக்குத் தீனி வழியா கொலஸ்ட்ராலை ஏத்திட்டு, குடலில் அதைத் தடுக்கிற ஒரு பொருளைக் கொடுத்தா ரிசல்ட் பளிச்சுன்னு தெரியும். நம்ம ரத்தத்தில் இருப்பதில் பெரும்பகுதி உடம்பே தயாரிக்கிறது.

மூன்றாவது, அளவு. எலிக்குக் கிலோவுக்கு 500 மில்லிகிராம் கொடுத்தாங்கன்னு வைங்க. வழக்கமான கணக்குப்படி அதை 6.2-ஆல் வகுத்தால், மனிதருக்குக் கிலோவுக்குச் சுமார் 80 மில்லிகிராம். 70 கிலோ எடை உள்ளவருக்குத் தினமும் ஐந்தரை கிராமுக்கு மேல். 500 மில்லிகிராம் கேப்ஸ்யூலில் 11! டப்பாவில் எழுதியிருப்பதோ தினம் ஒன்றோ ரெண்டோ.

தலைகீழாவும் நடக்கும்

இன்று கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடும் ஸ்டாட்டின் மாத்திரைகளுக்கு வழிகாட்டியவர் ஜப்பானின் அகிரா எண்டோ. 1970-களில் அவர் கண்டுபிடித்த பொருள் எலியின் ரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்கவே இல்லை. முட்டையிடும் கோழிகளில் சோதித்தபோதுதான் பலன் தெரிஞ்சது. எலியை மட்டும் நம்பியிருந்தால் அந்த மருந்தே நமக்குக் கிடைச்சிருக்காது.

2022-ல் அமெரிக்காவில் ஒரு நேரடிப் போட்டியும் நடந்தது. மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள், லவங்கப்பட்டை, தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகிய ஆறு சப்ளிமென்ட்களையும் 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாட்டின் மாத்திரையையும் 28 நாள் ஒப்பிட்டாங்க. மாத்திரை எல்.டி.எல்-ஐ சுமார் 38% குறைத்தது. போலி மாத்திரையோடு ஒப்பிடும்போது, ஆறு சப்ளிமென்ட்களில் எதுவும் குறிப்பிடும்படி குறைக்கலை.

படப்பையில் இருக்கும் ஆய்வகம்

விலங்குச் சோதனையே வீணா என்றால், இல்லை. நம்ம படப்பையிலேயே சர்வதேச உயிரித் தொழில்நுட்பம் மற்றும் நச்சியல் நிறுவனம் இருக்கு. முன்பு ஃப்ரெட்ரிக் இன்ஸ்டிடியூட் என்று அறியப்பட்டது. நச்சியல் ஆய்வகங்கள் கேட்கும் கேள்வி, 'இந்தப் பொருள் கெடுதல் செய்யுமா, எவ்வளவு கொடுத்தால்?' என்பது. மனிதர்களுக்குக் கொடுக்கும் முன் அதுக்குப் பதில் தெரியணும். ஆனா, 'கெடுதல் இல்லை' என்பதும் 'வேலை செய்யும்' என்பதும் ஒன்றல்ல. 'லேப் டெஸ்டட்' என்ற வார்த்தை இந்த ரெண்டையும் ஒண்ணாக்கிடுது.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

* ஆய்வு யாரிடம் நடந்தது? எலியா, முயலா, மனிதரா?
* மனிதர் என்றால், போலி மாத்திரையோடு ஒப்பிட்டாங்களா? எத்தனை பேர், எத்தனை வாரம்?
* ஆய்வில் கொடுத்த அளவும் டப்பாவில் இருக்கும் அளவும் ஒன்றா?
* டப்பாவைத் திருப்பிப் பாருங்க. ஹெல்த் சப்ளிமென்ட் லேபிளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் இருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி அது கட்டாயம்.

ஏற்கெனவே ஸ்டாட்டின் சாப்பிடுறவங்க, சப்ளிமென்டை நம்பி அதை நிறுத்திடாதீங்க. கொலஸ்ட்ரால் ஏறினால் வலிக்காது, காய்ச்சல் வராது. அதனால் நிறுத்தினது தப்புன்னு உடம்பு உடனே சொல்லாது. மாத்திரை பிடிக்கலைன்னா அதை டாக்டரிடமே சொல்லுங்க. சப்ளிமென்ட் எடுத்தாலும் பெயரோட சொல்லுங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால், வேலை செய்யுதா இல்லையா என்பதை உங்க ரிப்போர்ட்டே சொல்லிடும்.