'ரீஸ்டோர்டு' என்றால் எவ்வளவு பழசு, எவ்வளவு புதுசு? ஒரு பென்ட்லி காருக்காக நடந்த 1 கோடி பவுண்டு வழக்கு

பிரிட்டனில் பழைய ரோட்ஸ்டர் கார் ஒன்று விற்பனைக்கு வந்தால் விளம்பரம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடர்பச்சை பெயின்ட், பளபளக்கும் க்ரோம் பம்பர், கம்பிச் சக்கரம், மடக்கி வைத்த துணிக்கூரை. கீழே, 'முழுமையாக ரீஸ்டோர் செய்யப்பட்டது, மேட்சிங் நம்பர்ஸ்' என்று ஒரு வரி. போட்டோவைப் பார்த்ததும் நமக்கே ஆசை வரும்.

ஆனா அந்த 'ரீஸ்டோர்டு' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? துருப்பிடித்த தகரத்தை மாத்தினாங்களா? இன்ஜினை மாத்தினாங்களா? சேஸியையே மாத்தினாங்களா? எல்லாத்தையும் மாத்திவிட்டு, நம்பர் பிளேட்டை மட்டும் பழசாக வைத்திருந்தால் அது அதே காரா? டீக்கடை விவாதம் மாதிரி தெரியும் இந்தக் கேள்வி, 1990-ல் லண்டன் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. பணயம், 1 கோடி பவுண்டு.

அந்த கார் எது?

'ஓல்டு நம்பர் ஒன்'. பென்ட்லி நிறுவனத்தின் ஸ்பீடு சிக்ஸ் வகை ரேஸ் கார். ஆறு சிலிண்டர், ஆறரை லிட்டர் இன்ஜின். கறாராகப் பார்த்தால் ரோட்ஸ்டர் என்பது இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். இது அதைவிடப் பெரிய உடம்பு கொண்ட திறந்த கார். ஆனாலும் பழைய பிரிட்டிஷ் திறந்த கார்களை வாங்குவது, விற்பது பற்றிப் பேசும் எவரும் இந்த காரைத் தாண்டிப் போக முடியாது.

பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1929-லும் 1930-லும் இந்த ஒரே கார் ஜெயித்தது. ஒரே கார் இரண்டு முறை அங்கே ஜெயித்தது அதுதான் முதல் தடவை. முதல் ஆண்டு ஓட்டியவர்கள் வுல்ஃப் பர்னாட்டோ, டிம் பர்கின். அடுத்த ஆண்டு பர்னாட்டோவுடன் க்ளென் கிட்ஸ்டன். இதில் பர்னாட்டோவின் கதையே தனி. தென்னாப்பிரிக்க வைரத் தொழிலில் சம்பாதித்த குடும்பத்தின் வாரிசு. பென்ட்லி கம்பெனிக்குப் பணம் போட்டு அதன் சேர்மன் ஆனவர். சேர்மனே ரேஸ் ஓட்டி, கலந்துகொண்ட மூன்று லெ மான் பந்தயங்களிலும் ஜெயித்தார். இப்போது எந்த கார் கம்பெனியிலாவது இப்படி நடக்குமா, சொல்லுங்க.

இனிமேல்தான் சிக்கல். ரேஸ் கார் என்பது கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் பொருள் இல்லை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் கழற்றுவார்கள், மாட்டுவார்கள், தேய்ந்ததைத் தூக்கிப் போட்டுப் புதுசு போடுவார்கள். 1929-ல் ஜெயித்த காருக்கும் 1930-ல் ஜெயித்த காருக்கும் நடுவிலேயே நிறைய பாகங்கள் மாறிவிட்டன. பிறகு இங்கிலாந்தின் ப்ரூக்லேண்ட்ஸ் பந்தயப் பாதைக்காக மறுபடியும் மாற்றினார்கள். 1932-ல் அதற்குள் 8 லிட்டர் இன்ஜின் வந்துவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்த 500 மைல் பந்தயத்தில், சரிவான வளைவின் மேல் விளிம்பைத் தாண்டி கார் வெளியே பாய்ந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ அங்கேயே இறந்துபோனார்.

சிதைந்த காரை பர்னாட்டோவுக்காகத் திரும்பக் கட்டினார்கள். இந்த முறை மூடிய கூரை போட்ட கூபே. பிறகு கை மாறியது. பல ஆண்டுகள் கழித்து வந்த உரிமையாளர், லெ மான் காலத்துத் திறந்த தோற்றத்தை அதற்குத் திரும்பக் கொடுத்தார்.

1990-ல் அவரிடமிருந்து அதை வாங்க மிடில்பிரிட்ஜ் சிமிட்டர் என்ற நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. விலை 1 கோடி பவுண்டு. பிறகு வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். 'நீங்கள் விற்பது லெ மான் ஜெயித்த கார் இல்லை, அதன் பெயரைச் சுமக்கும் வேறு கார்' என்பது அவர்கள் வாதம். ஒப்பந்தப்படி நடக்க வேண்டும் என்று விற்றவர் வழக்குப் போட்டார். 'ஹப்பார்ட் எதிர் மிடில்பிரிட்ஜ் சிமிட்டர்' என்ற பெயரில் அந்த வழக்கு இன்றைக்கும் பழைய கார் சந்தையில் பேசப்படுகிறது.

நீதிபதி என்ன கண்டுபிடித்தார்?

நீதிபதி ஓட்டன், காரைப் பாகம் பாகமாகக் கணக்கெடுத்தார். 1929-ல் ஜெயித்த காரிலிருந்து, எந்தக் காலத்தது என்று சொல்ல முடியாத சில சில்லறைப் பொருத்துகளைத் தவிர, எதுவுமே மிச்சமில்லை. 1930-ல் ஜெயித்த காரிலிருந்து பெடல் ஷாஃப்ட், கியர்பாக்ஸின் வெளிக்கூடு, ஸ்டியரிங் காலம் ஆகிய மூன்று மட்டும். விபத்துக்குள்ளான 1932 காரிலிருந்துதான் சேஸி, 8 லிட்டர் இன்ஜின் உட்பட நிறைய இருந்தன.

இதைப் படித்ததும் 'அப்போ வாங்க வந்தவங்க சொன்னது சரிதானே' என்றுதான் தோன்றும். தீர்ப்பு நேர்மாறாக வந்தது. விற்றவர் ஜெயித்தார்.

எப்படி? நீதிபதி சொற்களைப் பிரித்துப் பார்த்தார். இந்த காரை 'ஒரிஜினல்' என்று சொல்ல முடியாது. தொழிற்சாலையை விட்டு வந்த அதே பாகங்களோடு இருந்தால்தான் அந்தச் சொல் பொருந்தும். ஆனால் 'ஜெனுயின்' என்று சொல்லலாம், 'ஆத்தென்டிக்' என்றும் சொல்லலாம் என்றார். காரணம், இந்த கார் எந்தக் கட்டத்திலும் அழிந்துபோய்ப் பிறகு புதிதாகப் பிறக்கவில்லை. ஒவ்வொரு மாற்றமும் முந்தைய காரின் மேல் நடந்தது. 1929 முதல் அதன் கதை அறுபடாமல் ஓடுகிறது. 'நான்தான் ஓல்டு நம்பர் ஒன்' என்று உரிமை கொண்டாட உலகத்தில் வேறு காரும் கிடையாது.

நம்மூர்க் கோயில் தேர் மாதிரி யோசிச்சா இது சட்டென்று புரியும். இற்றுப்போன மரத்தை மாத்துறோம், சக்கரத்தை மாத்துறோம். அதற்காக அது வேற தேர் என்று யாரும் சொல்வதில்லையே.

எனக்கு இந்தத் தீர்ப்பில் பிடித்தது, அது விற்பவருக்குக் கொடுத்த வெற்றியைவிட வாங்குபவருக்குக் கொடுத்த பாடம். பாகம் மாறினால் காரின் அடையாளம் போய்விடாது. ஆனால் கதை நடுவில் அறுந்தால் போய்விடும். கழற்றிப் போட்ட சேஸியை இன்னொருத்தர் எடுத்து அதைச் சுற்றி ஒரு கார் கட்டினால், ஒரே நம்பருக்கு இரண்டு கார்கள் சண்டை போடும். பழைய ரேஸ் கார் உலகத்தில் இது நடக்காத விஷயம் இல்லை.

சரி, 1 கோடி பவுண்டு கார் நமக்கு எதுக்கு?

நியாயமான கேள்வி. சாதாரண ஆள் வாங்கக்கூடிய ரோட்ஸ்டருக்கு வருவோம். எம்ஜிபி. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரானது. கூரை வைத்த ஜிடி வகையையும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 1,798 சிசி இன்ஜின். பிரிட்டனில் விற்பனைக்கு வரும் பழைய ரோட்ஸ்டர்களில் நீங்கள் அதிகம் பார்ப்பது இதுவாகத்தான் இருக்கும்.

விளம்பரங்களில் இதையும் 'விண்டேஜ்' என்று போடுவார்கள். பிரிட்டனின் பழைய கார் பிரியர்களிடம் அப்படிச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அவர்கள் கணக்கில் 1930 டிசம்பருக்குள் கட்டப்பட்டதுதான் விண்டேஜ். எம்ஜிபி 'கிளாசிக்'. இந்தியாவில் கணக்கு வேற. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த பதிவு விதிகளின்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வாகனம் விண்டேஜ் ஆகலாம். ஆனா சேஸியிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. தினமும் ஆபீசுக்கு ஓட்டிட்டுப் போகவும் முடியாது. கண்காட்சி, ராலி மாதிரியான தேவைகளுக்குத்தான்.

எம்ஜிபிக்குத் தனிச் சேஸி கிடையாது. பாடியே சேஸி. அதனால் துருதான் அதன் எமன். கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் நீளமாக ஒரு தகரப் பெட்டி ஓடும். மெக்கானிக்குகள் 'சில்' என்பார்கள். கூரை இல்லாத காரில் மொத்த பாடியையும் வளையாமல் தாங்குவதில் அதற்குத்தான் பெரிய பங்கு. வெளிப்பக்கம், உள்பக்கம், நடுவில் ஒன்று என அடுக்கடுக்கான தகரம். மூன்றும் இற்றுப்போயிருக்கும்போது வெளித்தகரத்தை மட்டும் மாற்றிப் பெயின்ட் அடித்துவிட்டால் போட்டோவில் புது கார்தான். நம்மூர் டிங்கரிங் கடையில் பட்டி போட்டு மறைக்கிற அதே வேலை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. கதவை மூடிவிட்டு அதன் பின்விளிம்பில் இருக்கும் இடைவெளியைப் பாருங்க. மேலே குறுகி, கீழே விரிந்திருந்தால் கார் நடுவில் தொய்கிறது என்று சந்தேகப்படலாம். அடுத்து கதவைத் திறந்து மூடிப் பாருங்க. உரசினால் சந்தேகம் கூடும். ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி, சில் மேல் வைத்துப் பாருங்க. ஒட்டவில்லை என்றால் அங்கே இருப்பது தகரம் இல்லை, பட்டி.

இன்னொரு விஷயம். எம்ஜிபிக்கு முழு பாடியே புதிதாகக் கிடைக்கும். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம், தொழிற்சாலையின் பழைய அச்சுகளைத் தேடி எடுத்து, 1988 முதல் புது பாடி செய்து விற்கிறது. பழைய காரின் இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாவற்றையும் அதில் மாற்றி வைத்தால் அது மோசடி இல்லை. சொல்லப்போனால் பட்டி போட்டு ஒட்டிய பழைய பாடியைவிட அதுதான் பாதுகாப்பு. ஆனால் அதை விளம்பரத்தில் சொல்லியிருக்கணும். ஓட்டன் வைத்த அளவுகோல் இங்கேயும் செல்லும்: இது ஒரிஜினல் இல்லை, கதை தொடர்ந்தால் ஜெனுயின்.

பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏ, இதே கேள்விக்கு மார்க் போட்டுப் பதில் சொல்லிவந்தது. வெகுவாக மாற்றப்பட்ட காருக்குப் பழைய சேஸி அல்லது மாற்றம் செய்யாத பாடி இருந்தால் 5 மார்க், சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, இன்ஜினுக்கு 1. மொத்தம் 8 வந்தால்தான் பழைய நம்பர். கவனிச்சீங்களா, நாம் காரின் இதயம் என்று சொல்லும் இன்ஜினுக்குத்தான் இருப்பதிலேயே கம்மி மார்க்.

விளம்பரத்தில் வரும் 'மேட்சிங் நம்பர்ஸ்' என்பதையும் சரிபார்க்கலாம். தொழிற்சாலையில் பொருத்திய அதே இன்ஜின் இன்னும் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். கேடன் ஊரில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் எம்ஜி தயாரிப்புப் பதிவேடுகள் உள்ளன. கட்டணம் கட்டினால் கார் கட்டப்பட்ட தேதி, முதல் நிறம், இன்ஜின் நம்பர், எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்ற விவரங்களோடு சான்றிதழ் தருவார்கள். அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பி வந்த கார் என்றால் அது குறையில்லை. கலிஃபோர்னியா மாதிரி வறண்ட இடத்தில் இருந்திருந்தால் துரு கம்மியாகக்கூட இருக்கும். ஆனால் இடதுபக்க ஸ்டியரிங்கை வலதுபக்கம் மாற்றியிருப்பார்கள். அந்த வேலையை யார், எப்போ செய்தார்கள் என்று கேட்கணும்.

பெட்ரோலையும் மறந்துவிடக் கூடாது. பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ம் ஆண்டோடு பொதுவிற்பனையில் இருந்து போய்விட்டது. இந்த இன்ஜின்கள் அந்தப் பெட்ரோலை நம்பி வடிவமைத்தவை. சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வ் சீட் போட்டாச்சா என்பது ரீஸ்டோர் செய்தவரின் அக்கறையைக் காட்டிக்கொடுக்கும் கேள்வி. 2021 முதல் பங்குகளில் வரும் 10 சதவீத எத்தனால் பெட்ரோல், பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். அவற்றையும் மாற்றியிருக்கணும்.

கடைசியாக, காசு செலவில்லாத ஒரு வேலை. 40 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு பிரிட்டனில் எம்ஓடி என்ற ஆண்டுச் சோதனை கட்டாயம் இல்லை. ஆனால் ஏற்கெனவே செய்த சோதனைகளின் முடிவுகள் 2005-லிருந்து அரசு இணையதளத்தில் இருக்கின்றன. விளம்பரப் போட்டோவில் தெரியும் நம்பரைப் போட்டால் போதும். எந்த ஆண்டு எத்தனை மைல் ஓடியிருந்தது, எங்கே துரு என்று சோதனை செய்தவர் எழுதிவைத்தார் என்பதெல்லாம் வரும். 'ஸ்டியரிங் பக்கம் அடித்தகட்டில் துரு' என்று 2012-ல் எழுதியிருந்து, விளம்பரமோ '2010-ல் முழு ரீஸ்டோரேஷன்' என்று சொன்னால், அந்த விற்பனையாளருக்கு நீங்கள் போன் பண்ண வேண்டியதில்லை.